முப்பத்தொரு பங்காளிகளும் மேபலும்

ஒரு பசுவுக்கு முப்பத்தொரு சொந்தக்காரர்கள் என்றால் நம்புவீர்களா? நம்பித்தான் ஆகவேண்டும். பத்திரம் இருக்கிறது, கையெழுத்துகள் இருக்கின்றன, பசுவும் கொட்டிலில் நின்று அசைபோட்டுக்கொண்டிருக்கிறது. பெயர் மேபல். ஜெர்சி இனம், பழுப்பு நிறம், குணம் மட்டும் வேளைக்கு ஒன்று. மேற்கு வர்ஜீனியா மலையில், பிளம் ஃபோர்க் என்கிற சின்ன ஊருக்கு மேலே, டீட்டர் வீட்டு மேட்டில்தான் இந்தக் கூத்து.

அந்த மேட்டில் முன்பு நாற்பது பசுக்கள் இருந்தன. ட்ரீமா டீட்டரும் அவள் புருஷன் டென்சிலும் விடியலில் கறந்து வைப்பார்கள், ஊர்ப் பால்பண்ணை லாரி வந்து எடுத்துப் போகும். பிறகு அந்தப் பால்பண்ணையை ஒரு பெரிய கம்பெனி வாங்கியது. அதை அதைவிடப் பெரிய கம்பெனி ஒன்று விழுங்கியது. அப்புறம் ஒரு நாள் கடிதம் வந்தது. முந்நூறு பசுக்களுக்குக் குறைந்த பண்ணைக்கு இனி லாரி வராதாம். இத்தனை காலம் ஒத்துழைத்ததற்கு நன்றியாம். நன்றியை அரைத்தா நாற்பது மாட்டுக்குத் தீனி போடுவது? மலையில் ஒவ்வொரு கொட்டிலாகக் காலியானது. ட்ரீமாவும் முப்பத்தொன்பதை ஏலத்துக்கு அனுப்பினாள். நாற்பதாவதான மேபல் லாரியில் ஏறமாட்டேன் என்று பலகையிலேயே படுத்துக்கொண்டது. இழுத்துப் பார்த்தார்கள், தள்ளிப் பார்த்தார்கள், அசையவில்லை. "விடுங்க, அது இருந்துட்டுப் போகட்டும்" என்றாள் ட்ரீமா. சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

ஒற்றைப் பசுவின் பாலை என்ன செய்வது? ஊரில் கேட்பதற்கு ஆள் இருந்தது. கடைப் பாலைச் சுண்ணாம்புத் தண்ணீர் என்று திட்டிக்கொண்டே வாங்குகிற ஊர் அது. ஆனால் கறந்த பாலைப் பதப்படுத்தாமல் அப்படியே ஒரு ஜாடி விற்றாலும் அங்கே குற்றம். முறைப்படி விற்பதென்றால் எஃகுத் தொட்டி, கொதிகலன், தனிக் கட்டடம் என்று கம்பெனிக்காரன் வைத்திருப்பதையெல்லாம் ட்ரீமாவும் வைக்கவேண்டும். பண்ணையை விற்றால்தான் அதெல்லாம் கட்டக் காசு வரும். மிச்சம் ஒரே ஒரு வழிதான். தன் மாட்டின் பாலைத் தானே குடிப்பவனை யாரும் ஒன்றும் கேட்க முடியாது. ஆகவே பாலை விற்காதே, மாட்டைப் பங்கு போட்டுக் கொடுத்துவிடு. பங்கு வாங்கியவர்கள் மாட்டின் சொந்தக்காரர்கள். மாட்டைப் பார்த்துக்கொள்ள ட்ரீமாவுக்கு மாதம் ஒரு தொகை தந்துவிட்டு, வாரம் ஒரு பெரிய கண்ணாடி ஜாடி நிறையத் தங்கள் பாலைத் தாங்களே எடுத்துப்போவார்கள்.

மேபல் வாரத்துக்கு முப்பத்தொரு ஜாடி நிரப்பி, மேலே கொஞ்சமும் கொடுக்கும். ஆக முப்பத்தொரு பங்கு. மளிகைக் கடைப் பலகையில் ட்ரீமா ஒரு சீட்டு ஒட்டினாள். நாலே நாளில் எல்லாம் தீர்ந்துபோயின. பெயர்ப் பட்டியலை மாநில வேளாண் துறைக்கு அனுப்பிவிட்டு, அப்பாடா என்று உட்கார்ந்தாள். டென்சில் பள்ளிக்கூடப் பஸ் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தான். மேட்டின் வரியை மேபல் கட்டிவிடும் என்று ஆனது.

பங்கு வாங்கிய முதல் மாதம் எல்லாரும் ஜாடியை எடுத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள். இரண்டாவது மாதம்தான் வினை ஆரம்பித்தது. ஓக்கி ஸ்பொனாகல் என்று ஒருவர். எழுபது வயது, முப்பது வருஷம் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், குறை கண்டுபிடிப்பதையே மூச்சாக வைத்திருப்பவர். ஜாடியை வாங்கியவர் வண்டியில் ஏறாமல் நேராகக் கொட்டிலுக்குள் போனார்.

"ஏம்மா ட்ரீமா, என் பசு ஏன் ஒரு பக்கமா சாஞ்சு நிக்குது?"

"அது அப்படித்தான் நிக்கும் ஓக்கி. அஞ்சு வருஷமா அப்படித்தான் நிக்குது."

"உன் பசுவா இருந்தப்ப எப்படி வேணா நின்னிருக்கலாம். இப்ப என்னுது. குளம்பு சீவணும்."

"போன வாரம்தான் சீவினேன்."

"யாரைக் கேட்டு?"

ட்ரீமாவுக்குச் சுருக்கென்று வந்தது. ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டாள். பங்குக்காரர் ஆயிற்றே! "அடுத்த தடவை சொல்லிட்டுச் செய்யறேன்" என்றாள்.

அவ்வளவுதான், ஊருக்கே தெம்பு வந்துவிட்டது. பள்ளிக்கூடச் சமையலறைத் தலைவி லொரீன் லான்ட்ஸ் வந்து, மாட்டுக்கு உப்புக்கட்டி பத்தவில்லை என்றாள். புதிதாக ஊருக்கு வந்த பல் டாக்டர் ப்ரெஸ்டன் மேபலின் வாயைத் திறந்து பார்த்து, கடைவாய்ப் பற்களைப் பற்றி அரைமணி நேரம் பேசினான். ஒருத்தி சாளரம் பெரிதாக இருக்கவேண்டும் என்றாள், இன்னொருவன் குளிர் அடிக்கும் மூடு என்றான். கைபேசியில் "எங்கள் மேபல்" என்று ஒரு குழு வேறு தொடங்கினார்கள். அது நாள் முழுக்க கிணுகிணுவென்று அடித்துக்கொண்டே இருந்தது. ட்ரீமா எல்லாருக்கும் "நீங்க சொல்றபடியே" என்று பதில் போட்டாள். போட்டுப் போட்டு விரல் தேய்ந்தது.

"முன்னாடி ஒரு முதலாளி, அதுவும் எங்கயோ தூரத்துல" என்று டென்சிலிடம் புலம்பினாள். "இப்ப முப்பத்தொரு முதலாளி. அத்தனை பேரும் நம்ம கொட்டில்ல."

டென்சில் காப்பியில் மேபல் பாலை ஊற்றிக் கலக்கினான். "பால் நல்லா இருக்கு" என்றான். அவன் பேச்சு அவ்வளவுதான்.

ஜனவரியில் மேபல் சினையாக இருந்ததால் கறவையை நிறுத்தினார்கள். இரண்டு மாதம் ஒரு சொட்டுப் பால் இல்லை. ட்ரீமா கூனிக் குறுகிப்போனாள். பால் இல்லாமல் எந்த முகத்தோடு பராமரிப்புத் தொகை வாங்குவது? வேண்டாம் என்று குழுவில் எழுதிவிட்டாள். அந்த வருஷம் பனி இடுப்பளவு கொட்டியது, வாங்கி வைத்த உலர்ந்த புல்லும் பாதியில் தீர்ந்தது. அதை அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. மலைக்காரிக்குக் கை நீட்டுவது என்றால் உயிர் போகும். ஆனால் கொட்டிலுக்கு வந்து எட்டிப் பார்க்கிற பங்காளிகளுக்குத் தெரியாமல் போகுமா? ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் ஓக்கி தன் பழைய காரின் பின்பெட்டியில் இரண்டு கட்டுப் புல்லைத் திணித்துக்கொண்டு மேடேறி வந்தார். "என் மாடு பட்டினி கிடக்கறதுக்கா நான் பங்கு வாங்கினேன்?" என்று திட்டிக்கொண்டேதான் இறக்கினார். மறுநாள் லொரீன், அதற்கடுத்த நாள் ப்ரெஸ்டன். மார்ச் வரைக்கும் முறை வைத்துக் கொண்டுவந்தார்கள். ட்ரீமா நன்றியும் வெட்கமுமாக அந்தக் கட்டுகளை அடுக்கிவைத்தாள். இது வெளியே தெரிந்தால் மானம் போய்விடும் என்று நினைத்தாள்.

மார்ச்சில் மேபல் ஒரு கிடாரிக் கன்றை ஈன்றது. அடடா, என்ன அழகு! நெற்றியில் வெள்ளைப் பொட்டு வேறு. முப்பத்தொரு பேரும் வந்து கொஞ்சினார்கள், படம் எடுத்தார்கள், சீம்பாலைப் பற்றிக் கதை பேசினார்கள். ஒரு வாரம் கழித்து ஜாடி பாதிதான் வந்தது. கொஞ்சல் நின்றது.

"மீதி எங்க?" என்றார் ஓக்கி.

"கன்னு குடிச்சுது."

"அதுக்குத் தனியாப் பால்பவுடர் வாங்கிக் கலக்கிக் கொடுக்கவேண்டியதுதானே? கன்னை வித்துட்டா தொல்லை விட்டுது."

"விக்கறதா?" என்று ப்ரெஸ்டன் பாய்ந்தான். "ஆறு மாசம் தாய்கிட்டதான் இருக்கணும். தாய்ப்பால் இல்லாம வளர்ந்த கன்னோட பல்லைப் பாத்திருக்கீங்களா?"

"உனக்கு எதைப் பாத்தாலும் பல்லு!"

லொரீனுக்கு மூன்றாவது கட்சி. கன்றை வளர்க்கவேண்டும், ஆனால் காலையில் ஒரு காம்பு, மாலையில் ஒரு காம்பு, அளந்துதான் விடவேண்டும். ஊர் மூன்றாகப் பிரிந்தது. குழுவில் பெரிய எழுத்தில் திட்டிக்கொண்டார்கள். சர்ச்சில் ஓக்கியும் லொரீனும் ஒரே பெஞ்சில் உட்கார மறுத்தார்கள். ட்ரீமாவுக்கோ கன்று தாயோடு இருக்கவேண்டும் என்றுதான் ஆசை. ஆனால் அவள் யார் சொல்ல? "நீங்க எல்லாரும் பேசி முடிவு பண்ணுங்க" என்று ஒதுங்கிக்கொண்டாள்.

இந்தச் சமயத்தில்தான் வேளாண் துறையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. யாரோ பெயர் போடாமல் துறைக்குப் புகார் எழுதியிருக்கிறார்களாம். டீட்டர் மேட்டில் நடப்பது பங்கும் இல்லை, ஒன்றும் இல்லை, பேரை மாற்றிய பால்கடை. ஜாடியைத் தவிர மாட்டோடு யாருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆகவே ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமை ஓர் அதிகாரி வருவார், பங்குதாரர்கள் எல்லாரும் ஆஜராகவேண்டும், உண்மையான சொந்தக்காரர்கள்தானா என்று விசாரித்து முடிவு சொல்வார். இல்லை என்று முடிவானால் அன்றோடு பால் நிற்கும்.

ட்ரீமா கடிதத்தை இரண்டு தடவை படித்தாள். பால் நின்றால் மேபலை வைத்துக்கொள்ள முடியாது. மேபல் போனால் மேடும் போச்சு. கீழே பள்ளத்தாக்கில் மூவாயிரம் மாடு வைத்திருப்பவனுக்குத் தீனி விளைக்க அந்த நிலத்தை ஏற்கெனவே மூன்று தடவை கேட்டுவிட்டார்கள். எட்டு வயதிலிருந்து மாட்டின் விலாவில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டுதான் அவளுக்குப் பொழுது விடிந்திருக்கிறது. அது இல்லாத விடியலை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

அதைவிடப் பயம் இந்தப் பங்காளிகளை நினைத்துத்தான். அதிகாரிக்கு முன்னால் இவர்கள் கட்டிப் புரண்டால் என்ன ஆகும்? ட்ரீமா வீடு வீடாகப் போனாள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு தாளைக் கொடுத்தாள். அதில் இருந்தது இவ்வளவுதான்: நான் பங்குதாரர். பால் நன்றாக இருக்கிறது. குறை ஒன்றும் இல்லை. கீழே அடிக்கோடு போட்டு: கன்றைப் பற்றிப் பேசக்கூடாது. குளிர்காலத்தைப் பற்றிப் பேசவே கூடாது.

"ஓக்கி, உங்களைத்தான் கெஞ்சிக் கேக்கறேன்" என்றாள். "ஒரே ஒரு மணி நேரம். வாயைத் திறக்காதீங்க."

"நான் என்னிக்கு வாயைத் திறந்தேன்?" என்றார் ஓக்கி. சத்தியமாக அவருக்கு அது வேடிக்கையாகத் தோன்றவில்லை.

கூட்டம் ஊர்த் தீயணைப்பு நிலையத்தில். வண்டியை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே நாற்காலி போட்டார்கள். காட்டுப் பூண்டு முளைக்கும் காலம் அது. அதைப் பன்றிக் கொழுப்பில் உருளைக்கிழங்கோடு வதக்காமல் பிளம் ஃபோர்க்கில் ஏப்ரல் மாதக் கூட்டம் எதுவும் நடக்காது. தின்றவர் பக்கத்தில் மூன்று நாளைக்கு நாற்றத்தில் யாரும் நிற்க முடியாது. எல்லாரும் தின்றுவிட்டால் யாருக்கும் தெரியாது, அதனால் எல்லாருமே தின்பார்கள். அதிகாரி மார்செல்லா பியூ உள்ளே வந்ததும் லொரீன் ஒரு தட்டு நிறைய வைத்துக் கையில் கொடுத்துவிட்டாள். அதிகாரிக்கு நாற்பது வயது, இறுக்கிக் கட்டிய கூந்தல், சிரிப்புக்கே வரி போட்டது போன்ற முகம். "பணி நேரத்துல சாப்பிடறதில்ல" என்றாள். பிறகு வாசனை இழுத்ததோ என்னவோ, ஒரு வாய் எடுத்தாள். அப்புறம் தட்டைக் கீழே வைக்கவில்லை.

விசாரணை தொடங்கியது. முதலில் மளிகைக் கடைக்காரன்.

"நீங்க பங்குதாரரா?"

"நான் பங்குதாரர். பால் நல்லா இருக்கு. குறை ஒண்ணும் இல்ல."

"பசுவுக்கு என்ன வயசு?"

அவன் திருதிருவென்று விழித்தான். வயது தாளில் இல்லையே! "குறை ஒண்ணும் இல்லங்க" என்றான்.

அடுத்தது ஒரு டீச்சர். அவளும் அதே மூன்று வரி. அடுத்தவன் அதே. எட்டாவது ஆளுக்குள் மூன்று வரியும் ஒரே ராகத்தில் வர ஆரம்பித்துவிட்டன, பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்வது மாதிரி. போன மாதம் மேபலின் மடிவீக்கத்துக்கு விடியவிடிய ஒத்தடம் கொடுத்தவள் கூட, மடியா, எந்த மடி என்கிற மாதிரி உட்கார்ந்திருந்தாள். மார்செல்லா பியூவின் பேனா நின்றது.

"மிஸஸ் டீட்டர், வெளிப்படையாச் சொல்லிடறேன்" என்றாள். "இந்த மாதிரி மூணு இடம் பாத்துட்டேன். பேருக்குப் பங்கு, உள்ள வியாபாரம். குறை ஒண்ணும் இல்லன்னு சொல்றவங்க வாடிக்கைக்காரங்க. வயசு தெரியல, உடம்பு தெரியல, என்ன முடிவு எடுக்கறாங்கன்னு யாருக்கும் தெரியல. ஜாடி மட்டும் தெரியுது. நான் என்ன எழுதறது?"

ட்ரீமாவின் முகத்தில் ஈயாடவில்லை. அவள் கைப்பட எழுதிக் கொடுத்த தாளே அவள் கழுத்தை அறுக்கிறது! ஏதாவது சொல்லவேண்டும் என்று எழுந்தாள். டென்சில் அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தான்.

"கடைசியா ஒருத்தரைக் கேட்டுட்டு முடிச்சுக்கறேன்" என்று மார்செல்லா பியூ பட்டியலைப் பார்த்தாள். "ஓக்கி ஸ்பொனாகல்."

ஓக்கி எழுந்தார். காலையிலிருந்து அடக்கி அடக்கி அவர் காது இரண்டும் சிவந்திருந்தன. "நான் பங்குதாரர்" என்றார். "பால் நல்லா இருக்கு." மூன்றாவது வரி தொண்டையிலேயே மாட்டிக்கொண்டது. முக்கிப் பார்த்தார். எழுபது வருஷத்தில் அந்த வாக்கியத்தை அவர் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

"குறை?" என்று எடுத்துக் கொடுத்தாள் மார்செல்லா பியூ.

"குறையா?" என்றார் ஓக்கி. "குறை இல்லையா? அந்தக் கன்னுக்குட்டி என் பாலைக் குடிக்குது! ஒரு மாசமா பாதி ஜாடி! வித்துடுங்கன்னு கரடியாக் கத்தறேன், கேக்க ஆள் இல்ல. இந்தப் பல் டாக்டர் என்னடான்னா..."

"கன்னை விக்கறதுக்கு நீ யாரு?" என்று ப்ரெஸ்டன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். "முப்பத்தொண்ணுல ஒரு பங்கு! வால் நுனிகூட உனக்கு வராது!"

"வால் நுனியா? உன் பங்கு சாணிதான்டா!"

ட்ரீமா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். முடிந்தது கதை. தீயணைப்பு நிலையம் பற்றிக்கொண்டது. அளந்து விடு என்கிற கட்சி, விற்று விடு என்கிற கட்சி, தாயோடு விடு என்கிற கட்சி, மூன்றும் ஒரே நேரத்தில் கத்தின. மளிகைக் கடைக்காரன் மேபலுக்கு வருகிற ஆகஸ்டில் ஏழு வயது என்றான். இல்லை, ஜூலை என்று டீச்சர் அடித்துப் பேசினாள். வலது பின்குளம்பு இன்னும் சரியாகச் சீவவில்லை என்று யாரோ பின்னாலிருந்து குரல் கொடுத்தார்கள். எப்போதும் அளந்து பேசுகிற லொரீன் நாற்காலி மேலேயே ஏறி நின்றாள்.

"பாலைப் பத்தி நீ பேசாத ஓக்கி! ஜனவரி, பிப்ரவரி, ரெண்டு மாசம் ஒரு சொட்டுக் கிடையாது. அப்ப இடுப்பளவு பனியில நடந்து புல்லுக்கட்டைச் சுமந்தவ நானு! நான் கேட்டேனா பாலு?"

"நீ ரெண்டு கட்டு. நான் பதினாலு கட்டு! என் கார் அச்சே முறிஞ்சுபோச்சு!"

"ஒரு நிமிஷம்!" என்றாள் மார்செல்லா பியூ.

யாரும் கேட்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த தீயணைப்பு மணியின் கயிற்றை இழுத்தாள். டணார் என்று ஒரு சத்தம். எல்லாரும் அப்படியே நின்றார்கள்.

"பால் இல்லாத ரெண்டு மாசம் நீங்க புல்லு கொண்டுவந்து போட்டீங்களா?"

லொரீனுக்கு அப்போதுதான் தாளில் அடிக்கோடு போட்ட வரி நினைவு வந்தது. ட்ரீமாவைப் பாவமாகப் பார்த்தாள். "ஆமாங்க" என்றாள்.

"ஏன்? ஜாடிதான் வரலையே?"

ஓக்கி அவளை முட்டாளைப் பார்ப்பது போலப் பார்த்தார். "என்ன கேள்வி இது? மாடு எங்களது. பட்டினி போடச் சொல்றீங்களா?"

மார்செல்லா பியூ உட்கார்ந்தாள். இரண்டு பக்கம் விடாமல் எழுதினாள். யார் எத்தனை கட்டு, எந்த வாரம், மடிவீக்கத்துக்கு ஒத்தடம் கொடுத்தது யார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் நாலு பேர் நாலு பதில் சொல்லி, அதற்கும் சண்டை போட்டார்கள். எழுதி முடித்து நிமிர்ந்தபோது அவள் உதடு கோணிக்கொண்டிருந்தது. அது சிரிப்புதான்.

"எங்க வீட்டுல அண்ணன் தம்பி அஞ்சு பேருக்கு ஒரு ஆப்பிள் தோட்டம்" என்றாள். "இருபது வருஷமா இதே சத்தம். கடைக்காரன்கிட்ட யாரும் இப்படிச் சண்டை போடமாட்டாங்க, வேற கடைக்குப் போயிடுவாங்க. இது பங்காளிச் சண்டை. புகாரைத் தள்ளுபடி பண்றேன்."

கூட்டம் கூரையைப் பிய்த்தது. ட்ரீமா சிரித்தாள், அழுதாள், இரண்டையும் சேர்த்தே செய்தாள். டென்சில் அவசரமாக ஒரு கோப்பை எடுத்து, காப்பியில் மேபல் பாலை ஊற்றிக்கொண்டான்.

"முத்திரை போடறதுக்கு முன்னாடி ஒரே ஒரு விஷயம்" என்றாள் மார்செல்லா பியூ. பட்டியலை மேலும் கீழும் விரலால் தடவினாள். "மிஸஸ் டீட்டர், இந்தப் பாலை நீங்க குடிக்கறீங்களா?"

"இது என்ன கேள்வி? தினம் காலையில காப்பிக்கு. மிஞ்சறது எங்க வீட்டுக்குத்தானே?"

"உங்க பேர் இதுல இல்லையே."

"என் பேரா?"

"முப்பத்தொரு பங்கு, முப்பத்தொரு பேர். உங்களுக்குன்னு ஒண்ணு வெச்சுக்கல. எல்லாத்தையும் வித்துட்டீங்க." மார்செல்லா பியூ தயங்கித்தான் சொன்னாள். "ஊர்ல எல்லாரும் சட்டப்படி குடிக்கறாங்க. முறை இல்லாமக் குடிக்கறது நீங்க ரெண்டு பேர் மட்டும்தான்."

டென்சில் கையிலிருந்த காப்பிக் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தான்.

ட்ரீமாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அது நின்றது. பங்கு எழுதும்போது தன் பெயரை எழுதவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. மேபல் அவளுடையது, அதை யாராவது எழுதிவைப்பார்களா? கன்றாக இருந்தபோது புட்டியில் பால் கொடுத்தது அவள். இடி இடித்தால் அது தேடுவது அவளை. ஆனால் தாளில் அந்த மாட்டின் ஒரு ரோமம்கூட அவளுக்குச் சொந்தமில்லை. ஒன்பது மாதமாக ஊரார் மாட்டைக் கூலிக்கு மேய்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். 

"இன்னொரு பங்கு சேத்துக்கலாமே?" என்று ப்ரெஸ்டன் கேட்டான்.

"முதல்லேருந்து பதியணும். மூணு மாசம் ஆகும், அதுவரைக்கும் யாருக்கும் பால் இல்ல. இருக்கற பங்கை யாராவது மாத்திக் கொடுத்தா இங்கயே முடியும். ஃபாரம் பையில இருக்கு."

முப்பத்தொரு பேரும் தங்கள் தங்கள் செருப்பை ஆராய்ந்தார்கள். அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது. வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்தப் பாலுக்குப் பழகிய நாக்கு வேறு. ட்ரீமா எழுந்தாள். "பரவால்ல, நாங்க காப்பியைக் கறுப்பாவே குடிச்சுக்கறோம்" என்றாள். சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது.

"கறுப்புக் காப்பியா?" என்றார் ஓக்கி. "என் மாட்டைக் கறக்கறவ கறுப்புக் காப்பி குடிக்கறதா? ஊர் சிரிக்கும்." நாற்காலிகளுக்கு நடுவில் இடித்துக்கொண்டு முன்னால் வந்தார். "அந்த ஃபாரத்தைக் குடுங்க. என் பங்கு இவளுக்கு."

"ஓக்கி, அப்ப உங்களுக்கு?"

"எனக்குக் கிடைக்கறதே பாதி ஜாடிதானே. லொரீன் ஒத்தை ஆளு, அவளுக்கு ஒரு ஜாடி எதுக்கு? அவ பங்குல பாதி எனக்கு."

"என்னது?" என்று லொரீன் நாற்காலியிலிருந்து இறங்கினாள். "உன்கூட நான் ஒரு ஜாடியிலயா? பாலாடையை யாரு எடுக்கறது?"

"ஒரு வாரம் நீ, ஒரு வாரம் நானு."

"முதல் வாரம் நானு."

"எடுத்துத் தொலை."

ஒரு பங்கில் இரண்டு பேர் கூட்டாக இருக்கலாம் என்று மார்செல்லா பியூ சொன்னாள். லொரீன் முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாள். ட்ரீமா மட்டும் பேனாவைத் தொடவில்லை. "சும்மா வாங்கமாட்டேன்" என்றாள். "அப்ப ஒரு டாலர் குடு" என்றார் ஓக்கி. டென்சில் பையைத் துழாவி, கசங்கிப்போன ஒரு டாலரை எடுத்து நீட்டினான். ஓக்கி அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, நல்ல நோட்டுதானா என்று சரிபார்த்துவிட்டுத்தான் சட்டைப்பையில் வைத்தார். ட்ரீமா கையெழுத்துப் போட்டாள். டீட்டர் என்பது கோணலாக விழுந்தது. போட்ட பிறகு அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றாள். முத்திரை சத்தமாக விழுந்தது.

"எல்லாரும் இருக்கோமே" என்றான் ப்ரெஸ்டன். "கன்னு விஷயத்தையும் இப்பவே முடிச்சுடலாம். கை தூக்குங்க."

மறுபடி மூன்று கட்சியும் தொண்டையைச் செருமின. அப்போதுதான் ட்ரீமா, ஒன்பது மாதமாக "நீங்க சொல்றபடியே" என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லாத ட்ரீமா, மேஜையை ஒரு தட்டுத் தட்டினாள்.

"நானும் ஒரு பங்குதாரர், நான் பேசறேன்" என்றாள். "கன்னு எங்கயும் போகாது. தாய்கிட்டதான் இருக்கும். அது குடிச்சது போக மிச்சம்தான் ஜாடிக்கு, அது வயிறு நிறையற வரைக்கும். என் ஜாடியும் பாதியாத்தான் வரும், எனக்குத் தெரியும். குளம்பை எப்ப சீவறதுன்னும் எனக்குத் தெரியும்."

"அதெப்படி?" என்று ஓக்கி பாய்ந்தார். "நேத்து வரைக்கும் ஒரு வார்த்தை பேசாதவ, இன்னிக்கு..."

"ஓக்கி" என்றாள் ட்ரீமா. முகமெல்லாம் சிரிப்பு, குரல் மட்டும் கறார். "உங்களுக்குப் பாதிப் பங்கு. எனக்கு முழுசு. நான் பேசி முடிக்கற வரைக்கும் உட்காருங்க."

ஓக்கி உட்கார்ந்தார்.